கஸ்தூரிக்குக் கிடைத்த நாற்காலி

மலேசியாவில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'கோசோங்'. வெறும், காலி என்று அர்த்தம். என்னைப் போன்ற சர்க்கரை வியாதிக்காரிக்கு அதைவிட உபயோகமான சொல் அந்த நாட்டில் இல்லை. 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாத கறுப்புத் தேநீர் வரும். வாய் தவறி 'தே' என்று மட்டும் சொல்லிவிட்டால் போச்சு, டம்ளரின் அடியில் டின் பால் பாயசம் மாதிரி கெட்டியாகக் கிடக்கும். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு சீனர் கடையில் உட்கார்ந்தபோது என்னைக் காரில் கூட்டிப்போன சிவநாதன்தான் இதைப் பாடமாக நடத்தினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மீன் உருண்டை மிதக்கும் சூப்பைக் குடித்துக்கொண்டு, இந்த வயதில் எனக்கு இந்த அலைச்சல் தேவையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் திருநெல்வேலியில் வக்கீல். குடும்பத்தில் வக்கீல் வாடையே இல்லாத சட்டக் கல்லூரிப் பிள்ளைகளை விடுமுறையில் நீதிபதிகளிடம் பயிற்சிக்குச் சேர்த்துவிடும் வேலையைச் சில வருஷங்களாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாக உண்டு. நீதிபதி ஒரு வழக்கை எப்படிப் படிக்கிறார், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார், எதற்குச் சலித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். பீடி சுற்றுகிறவர் மகளுக்கு எங்கே கிடைக்கும்? அதற்குத்தான் இந்தப் பாடு.

சிவநாதன் ஜொகூரில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா அரசாங்க உத்தியோகம், இவர் வக்கீல், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். ஏணியில் ஒரு படி கூடத் தவறாத குடும்பம். ரப்பர்த் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பயிற்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. நீதிபதிகளைத் தேடித் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். ஒரே ஒரு பெண் நீதிபதி மட்டும் சரி என்றார். முதலில் ஒரு மாணவி, ஒழுங்காக நடந்தால் மற்றவர்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். காத்திருக்கும் பிள்ளைகளின் தலையெழுத்து எல்லாம் இந்த ஒருத்தி கையில். எங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்லவும் அவளைப் பார்க்கவும் என்னை வரவழைத்திருந்தார்.

அவள் பெயர் கஸ்தூரி. "வீட்டுக்குப் பக்கத்துக் கோர்ட்டிலேயே இடம் பிடிச்சுக் குடுத்திட்டேன் மேடம்," என்று சூப்பை ஊதியபடி பெருமையாகச் சொன்னார். "வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்க அவங்களுக்கு வசதி இல்லைதானே." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் செய்கிறோம்.

ஆயர் ஈத்தாமில் சாலையோரம் முழுக்கப் பானைகள், ஜாடிகள், பீங்கான் யானைகள். ஒரு பூந்தொட்டியை ஆசையாகத் தூக்கிப் பார்த்தேன். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று வைத்துவிட்டேன். அங்கிருந்து கிளம்பும்போது சிவநாதனின் பழைய கார் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் உயிர் பெற்றது. அவர் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பண்டார் தெங்காராவுக்குப் போகும் வழி நெடுகச் செம்பனை. எண்ணெய்ப் பனையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இடமும் வலமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, உள்ளே ஒரே இருட்டு. எங்கள் ஊர்ப் பனங்காட்டில் வானமாவது தெரியும். இதற்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டும் போலிருந்தது. எனக்கு மனது என்னவோ போல் ஆகிவிட்டது.

கஸ்தூரியின் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அம்மா அம்பிகாவுக்கு மின்சாதனத் தொழிற்சாலையில் ஷிப்ட். ஹோட்டலில் தங்குகிறேன் என்றேன், அம்பிகா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நெத்திலிச் சம்பலும் புளிப்பான மீன் கறியும் வைத்து, "காரமா இருக்காக்கா?" என்று கேட்டுக்கேட்டு இன்னும் காரமாகப் போட்டாள். கண்ணில் தண்ணீர் வரவரச் சாப்பிட்டேன்.

கஸ்தூரி ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பெண். முதல் நாள் கோர்ட் வாசலில் காவலர் தடுத்து, எந்தக் கேஸ், கைதானவர் உனக்கு என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பிள்ளைகளையும் வாசலில் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ஆனால் உள்ளே போன பிறகு அவளுக்கு வேறு உலகம். நீதிபதிக்குக் கீழே, பதிவாளர் மேசையின் ஓரத்தில், அவளுக்கென்று ஒரு நாற்காலி. வழக்கு முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டு, அந்தச் சாட்சி பொய் சொன்னானா, பயந்தானா, உனக்கு என்ன தோன்றுகிறது என்று நீதிபதி கேட்டாராம். பயந்தான் என்றாளாம். ஏன் என்று கேட்டு, அவள் சொன்ன காரணத்தைக் குறித்துக்கொண்டாராம்.

"என்கிட்ட கேட்டாங்க ஆன்ட்டி," என்றாள். "எங்க வீட்ல இதுவரைக்கும் யார்கிட்டயும் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பிகா மகளின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்பிகாவின் அண்ணன் மாரிமுத்து இருக்கும் தோட்டத்துக்குப் போனோம். அம்பிகா பிறந்ததும் அங்கேதான். பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்ததாம். செம்பனை வந்தது, பிறகு வேலைக்கு வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள். இப்போது பழைய ஆட்கள் ஒரு லயத்தில், தோட்டத்துக் கூலி வீடுகளின் ஒரே வரிசையில்தான். தகரக் கூரை, வாசலில் செம்பருத்தி, கோடியில் ஒரு மாரியம்மன் கோயில். வேலை முடிந்தும் வீட்டைக் காலி செய்யவில்லை என்று கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. மாற்று வீடு தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இவர்கள் இருந்துவிட்டார்கள். வாய்வார்த்தையை நம்பிக் கெட்டவர்களின் வழக்குக் கட்டுகள் என் அலமாரியிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

மாரிமுத்து உருண்டையான மனிதர், சிரித்த முகம், செம்பனைக் குலையை இழுத்து இழுத்து ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. சாக்லேட் மணக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார். கோசோங் என்றேன், மைலோவில் அதெல்லாம் கிடையாது என்று சிரித்தார். பேச்சோடு பேச்சாக, வழக்கு ஜொகூர் பாருவிலிருந்து இங்கே பக்கத்திலேயே மாறி வந்துவிட்டது, நாளைக்குத்தான் முதல் தவணை என்றார். எந்தக் கோர்ட் என்று கஸ்தூரி கேட்டாள். அவர் சொன்னார். அவளுடைய கோர்ட்.

"உனக்கு நேர்ல காட்டலாம்னுதான் சொல்லாம வச்சிருந்தேன்ம்மா," என்றார். "நாளைக்கு நீ அங்கதான இருப்ப?"

கஸ்தூரியின் முகம் வெளுத்துவிட்டது. சொந்தக்காரர் வழக்கு என்றால் நீதிபதியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அது நடக்கும்போது வெளியே போய்விட வேண்டும். சேர்ந்த அன்றே அதற்கு உறுதிமொழி கொடுத்திருக்கிறாள். மாமாவிடம் பொறுமையாக விளக்கினாள். நான் அங்கே இருக்க மாட்டேன் மாமா, உங்கள் கேஸ் வரும்போது வெளியே போய்விடுவேன், இருந்தால் தப்பு என்றாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். புரிந்ததா என்று தெரியவில்லை. கொஞ்சம் வாடிப்போனார், அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பியதும் பதிவாளருக்கு இப்போதே செய்தி அனுப்பட்டுமா என்று என்னைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய மனுஷர்களைத் தொந்தரவு செய்யாதே, இதெல்லாம் நேரில் நின்று சொல்கிற விஷயம், காலையில் நீதிபதி ஆசனத்துக்குப் போகும் முன் அறையில் போய்ச் சொல் என்றேன். எங்கள் ஊரில் அப்படித்தான். அரை நிமிஷ வேலை, நீதிபதி சரியம்மா என்பார், அன்றைக்குக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வோம். என் நாக்கில் சூடு போட்டால் தேவலை.

தினமும் அவள் அம்மாவின் மோட்டார் சைக்கிளில்தான் கோர்ட்டுக்குப் போவாள். திங்கட்கிழமை காலை மழை. என்னைக் கூட்டிப்போக வந்த சிவநாதன், பிள்ளை நனைந்துகொண்டு போவதா, காரில் ஏறு என்றார். வேண்டாம் அங்கிள், பழகிப்போச்சு என்றாள் கஸ்தூரி. விடவில்லை. நானும் ஏறும்மா என்றேன். ஏறினாள்.

செம்பனைக்கு நடுவில் கார் இரண்டு இருமல் இருமி நின்றது. "அலமாக்," என்று சிவநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். மூடியைத் திறந்ததும் ஆவி. குடை ஒன்றுதான், அதை எஞ்சினுக்குப் பிடித்தோம். போனில் சிக்னல் கோடே இல்லை. கஸ்தூரி மழையில் இறங்கி, போனை உயரத் தூக்கிக்கொண்டு சாலையில் முன்னும் பின்னும் நடந்தாள். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிப்போயிற்று. ஒரு மலாய்க்காரர் டுரியான் பழம் ஏற்றிய வண்டியை நிறுத்தி, தன் தண்ணீர்ப் பாட்டிலை ரேடியேட்டரில் ஊற்றி, ஏதோ வயரைத் தட்டி, காரைக் கிளப்பிக் கொடுத்தார். நன்றி சொன்னதற்கு ஒரு பழத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்கள் இல்லாத நாடில்லை. அன்றைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிற்று.

சிக்னல் வந்ததும் பதிவாளருக்கு அழைத்தாள், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள், ஒற்றை டிக்கோடு நின்றது. கோர்ட்டுக்குள் போனை அணைத்துவிடுவார்கள் என்று அவளே சொன்னாள்.  கார் முழுக்க டுரியான் நாற்றம். அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

நாங்கள் ஓடிப்போய் நுழைந்தபோது நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரில் கோர்ட் சந்தைக்கடை மாதிரி இருக்கும், நழுவலாம், ஒதுங்கலாம், ஜன்னல் வழியாகச் சீட்டு அனுப்பலாம். இங்கே குளிரூட்டிய அறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். சிவநாதனும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். கஸ்தூரி பதிவாளரிடம் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஈரத் தலையோடு தாமதமாக வந்தவளைப் பார்த்த பதிவாளர், பேசாதே, போய் உட்கார் என்று நாற்காலியைக் காட்டிவிட்டார். அவள் உட்காரவும், மொழிபெயர்ப்பாளர் எழுந்து வழக்கைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. கம்பெனியின் பெயர், அடுத்து மாரிமுத்து மற்றும் சிலர். அன்றைக்கு முதல் வழக்கே அதுதான்.

தோட்டத்து ஆட்கள் எழுந்தார்கள். பெண்கள் பட்டுப் புடவை கட்டியிருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி. மாரிமுத்து இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்து நின்றார். நீதிபதியைப் பார்த்து வணங்கினார். பிறகு பார்வை கீழே இறங்கியது. வரமாட்டேன் என்று சொன்ன பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி கையைத் தலைக்கு மேல் தூக்கி, "கஸ்தூரிம்மா!" என்று கூப்பிட்டார். பின்னாலிருந்தவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அம்மாள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அறையே கஸ்தூரியைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். நீதிபதியை நோக்கித் திரும்பி, "யாங் ஆரிஃப்," என்று ஆரம்பித்தாள். அங்கே நீதிபதிகளை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவள் முடிப்பதற்குள், கம்பெனியின் வக்கீல், சின்ன வயதுக்காரர், மிகவும் மரியாதையாக எழுந்து மலாயில் ஏதோ சொன்னார். நீதிபதியின் தனி அறைக்கு வந்து பேச அனுமதி கேட்கிறார் என்று சிவநாதன் என் காதில் சொன்னார். 

கம்பெனி வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானிருந்தாலும் எழுந்திருப்பேன். நீதிபதியையும் குறை சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வழக்கைத் தன்னிடமிருந்து மாற்றி வேறு கோர்ட்டுக்கு அனுப்பினார். அந்தக் கோர்ட் தேதி போடும் வரைக்கும் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. பிறகு கஸ்தூரியைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, மழை, கார், எல்லாம். வராந்தாவில் நின்று அதை என்னிடம் ஒப்பித்தாள்.

"'நான் உன்ன நம்புறேன், ஆனா நான் நம்புறது பத்தாது'ன்னாங்க ஆன்ட்டி."

பயிற்சி அன்றோடு முடிந்தது. வேறு கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம், ஜொகூர் பாருவில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சிவநாதன் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். கஸ்தூரி அவரை மரியாதையாகத்தான் பார்த்தாள்.

"எங்க ஆளுங்க கேஸ் இல்லாத கோர்ட்டு எங்க அங்கிள் இருக்கு? என் சித்தப்பா கேஸ் ஒண்ணு அதே ஜொகூர் பாருவுல இருக்கு. எங்க அப்பாவோட வேல செய்றவர் மகன் கேஸ் கோத்தா திங்கியில. எங்க போய் உக்காந்தாலும் யாராச்சும் கையத் தூக்குவாங்க."

  திருநெல்வேலியில் நீதிபதியின் மகனும் மருமகனும் அதே வளாகத்தில் வழக்காடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் மாமாக்கள் கோர்ட்டில் கையைத் தூக்கிக் கூப்பிட மாட்டார்கள். அவர்கள் கல்யாண விருந்தில் பார்த்துக்கொள்வார்கள், கிளப்பில் பார்த்துக்கொள்வார்கள், யார் கண்ணிலும் படாது. மாரிமுத்துவுக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தங்கை மகள்மேல் பாசம்.

திரும்பும் வழியில் சிவநாதன் ஒரு கடையில் நிறுத்தினார். ரொட்டி சானாய் வந்தது, ஆறிப்போயிற்று, யாரும் தொடவில்லை. நீதிபதி அவரிடமும் பேசியிருக்கிறார். இப்போதைக்கு வேறு மாணவர்கள் வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றாராம். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இனி சிவநாதன்தான் போன் செய்து சொல்ல வேண்டும். "பக்கத்தில போட்டா நல்லதுன்னுதான் மேடம் நினைச்சேன்," என்றார். எனக்குத் தெரியும் என்றேன். கஸ்தூரி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். காலையிலேயே மாரிமுத்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கோயிலில் பூஜை, எல்லோரும் வந்தே ஆக வேண்டும், அந்த இந்தியா அம்மாவும் வர வேண்டும் என்று பிடிவாதம். அம்பிகா மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

லயத்துக் கோயிலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் பெரிய சட்டியில் வெந்துகொண்டிருந்தது. என் உடம்புக்கு விஷம்தான், வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. பூசாரி கஸ்தூரியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார். மாரிமுத்து மாலையை வாங்கி அவள் கழுத்தில் போட்டார். நம்ம பிள்ளை போய் உட்கார்ந்ததும் கேஸே நின்று போயிற்று, கம்பெனி வக்கீல் வாயடைத்துப் போனார், இனி தேதி வரவே மாசக்கணக்காகும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிழவி அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். வரமாட்டேன்னு சும்மா சொல்லியிருக்கு, கெட்டிக்காரி என்று ஒருவர் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய இடமே போய்விட்டது ஐயா, அவள் உங்களுக்காகப் போய் உட்காரவில்லை ஐயா என்று கத்த வேண்டும் போலிருந்தது. எதிர்த்தரப்பு அவளைப் பற்றி என்ன சந்தேகப்பட்டதோ, அதையே இவர்கள் மாலை போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்பிகா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணன் முகத்திலிருந்த சந்தோஷத்தை அவளால் கெடுக்க முடியாது. நானும் அடங்கினேன். கஸ்தூரி இலையில் பொங்கலை வாங்கிக்கொண்டு, கும்பிட்டவர்களை எல்லாம் திருப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாரிமுத்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

"ஏம்மா, இப்ப மாத்திருக்காங்கல்ல, அந்தக் கோர்ட்டுலயும் நீ போய் உக்காந்துக்குவியாம்மா?"

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். கஸ்தூரி வாயிலிருந்த பொங்கலை விழுங்கினாள். மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"கேட்டுப் பாக்குறேன் மாமா," என்றாள்.